உறையின் மேல் எழுதிய பிறந்த தேதி

2022 மே 17, செவ்வாய்க்கிழமை. அமெரிக்கக் குடியுரிமை பெற்று ஏழு மாதம் ஆகியிருந்தது. அலுவலகத்தில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு, பிலடெல்பியாவின் புறநகரில் எங்கள் பகுதிக்கான வாக்குச்சாவடிக்குப் போனேன். பதிவேட்டில் என் பெயரைத் தேடிக் கண்டுபிடித்த மூதாட்டி முகம் வாடி, "இன்றைக்கு உங்களுக்கு வாக்களிக்க ஒன்றும் இல்லையே" என்றார். வாக்காளராகப் பதிவு செய்தபோது கட்சி எது என்று ஒரு கேள்வி இருந்தது. நம் ஊரில் வளர்ந்தவனுக்கு அந்தக் கேள்வியே அநாகரிகமாகத் தெரிந்தது. யாருக்கு ஓட்டுப் போடுகிறோம் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரிடமே சொல்லக் கூடாது, அரசாங்கத்திடம் எப்படிச் சொல்வது? அதனால் "எந்தக் கட்சியும் இல்லை" என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தேன். பென்சில்வேனியாவில் பிரைமரி எனப்படும் வேட்பாளர் தேர்வுத் தேர்தல் மூடிய வகையைச் சேர்ந்தது. அந்தந்தக் கட்சியில் பதிந்தவர்களுக்கு மட்டுமே அங்கே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. கட்சியை மாற்றிக்கொள்ளவும் தேர்தலுக்குப் பதினைந்து நாள் முன்பே கெடு முடிந்துவிடுகிறது. நவம்பர் பொதுத்தேர்தலில் இந்தத் தடை கிடையாது. இதெல்லாம் அந்த மேசையின் முன்னால் நின்றபோதுதான் எனக்குத் தெரியவந்தது.

அந்த நாளை நான் மறக்காததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அன்று நடந்த குடியரசுக் கட்சியின் செனட் பிரைமரியில் மெஹ்மத் ஆஸ், டேவிட் மெக்கார்மிக் இருவரும் நெருக்கமாக மோதினார்கள். பதிவான வாக்குகள் 13 லட்சத்துக்கும் மேல். மறு எண்ணிக்கை வரை போய், கடைசியில் வித்தியாசம் 951. என்னைப் போல எந்தக் கட்சியிலும் பதியாமல் வெளியே நின்றவர்கள் எங்கள் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்றது) மட்டுமே எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நியூயார்க்கில் கெடு இன்னும் கொடியதாக இருந்தது. 2016 ஏப்ரலில் நடந்த பிரைமரிக்கு முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே கட்சியை மாற்றியிருக்க வேண்டும். டிரம்ப்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் அதைத் தவறவிட்டுத் தந்தைக்கே வாக்களிக்க முடியாமல் போனார்கள். அதைப் படித்தபோது மனம் கொஞ்சம் ஆறியது. எனவே புதிதாகக் குடிமகன் ஆகிறவர்கள், மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதை மனதில் வைத்து, "என் மாநிலத்தில் பிரைமரி திறந்ததா மூடியதா?" என்பதைப் பதிவுப் படிவத்தைத் தொடும் முன்பே பார்த்துவிடுங்கள். ஊர்க் கூச்சத்தில் கட்சியைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். எங்கள் பக்கத்துப் பல உள்ளூர்ப் பதவிகளுக்கு உண்மையான போட்டி நடப்பதே பிரைமரியில்தான். நவம்பரில் நடப்பது பெரும்பாலும் சம்பிரதாயம்.

இரண்டு ஆண்டு கழித்து, 2024 ஏப்ரல் 23 பிரைமரிக்குள் நான் கட்சியில் பதிந்துவிட்டேன். தலைமை வழக்கறிஞர் பதவிக்கான வேட்பாளர் தேர்வில் ஐந்து பேர் மோதினார்கள் என்று சொன்னால் எந்தக் கட்சி என்பதை விவரம் தெரிந்தவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். தபால் வாக்குச்சீட்டுக்கும் விண்ணப்பித்திருந்தேன். 2019இல் கொண்டுவந்த சட்டத்தின்படி இங்கே அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்து தொலைபேசி வந்தது. அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஏப்ரல் 5ஆம் தேதி இரவு விமானம். அன்று மதியம்தான் வாக்குச்சீட்டும் தபாலில் வந்தது. ஒரு பக்கம் பெட்டியில் துணிகளைத் திணித்துக்கொண்டே, சாப்பாட்டு மேசையில் நின்றபடி வட்டங்களைக் கருப்பு மையால் நிரப்பினேன். சீட்டை ரகசிய உறையில் போட்டு, அதை வெளி உறையில் போட்டு, கையெழுத்துப் போட்டு, விமான நிலையம் போகும் வழியில் தபால் பெட்டியில் சேர்த்தேன். பெட்டியின் மூடி விழுந்த சத்தம் கேட்டதும் ஒரு நிம்மதி. குடிமகன் கடமையைச் செய்துவிட்டானாம்!

ஏப்ரல் 19, தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல். அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள்கூட ஆகாத அப்பா, ஓட்டுப் போட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதி 85 வயதைத் தாண்டியவர்களுக்கும் சான்று பெற்ற மாற்றுத்திறனாளிகளுக்கும்தான், அவருக்கு 78. சக்கர நாற்காலியில் வைத்து வாக்குச்சாவடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். நான் வாசலோடு நின்றுகொண்டேன். இந்தியக் குடியுரிமையை விட்டவனுக்கு உள்ளே என்ன வேலை? மை வைத்த விரலை அவர் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார். அன்று இரவு எட்டு மணி இருக்கும், அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தால், பென்சில்வேனியாவிலிருந்து ஒரு மின்னஞ்சல். உங்கள் வாக்குச்சீட்டு வந்து சேர்ந்தது, ஆனால் உறையின் மேல் உள்ள தேதி தவறாக இருப்பதால் எண்ணப்படாமல் போகலாம் என்றது. எனக்குப் புரியவே இல்லை. உறையை அனுப்புவதற்கு முன் ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன், எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை, வாக்களித்த பெருமையாக இருக்கலாம். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கையெழுத்துக்குப் பக்கத்தில், தேதி என்ற இடத்தில், என் பிறந்த தேதியை எழுதியிருந்தேன்.

அந்த வாரம் முழுவதும் விசாவுக்கும் காப்பீட்டுக்கும் மருத்துவமனைக்குமாக எத்தனையோ படிவங்களை நிரப்பியிருந்தேன். எல்லாவற்றிலும் பிறந்த தேதி கேட்டிருந்தார்கள். கை தானாக எழுதிவிட்டது. வெட்கத்தில் அப்பாவிடம் சொல்லாமல் மாடிக்குப் போய்க் கவுண்டித் தேர்தல் அலுவலகத்துக்கு அழைத்தேன். அங்கே அப்போது காலை பத்தரை மணி. நாற்பத்தேழு நிமிடம் காத்திருப்பு இசையைக் கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தார், மிகவும் பொறுமையானவர். நேரில் வந்து திருத்தலாம், அல்லது 23ஆம் தேதி இரவு எட்டு மணிக்குள் வாக்குச்சாவடிக்குப் போய், தகுதியைப் பிறகு சரிபார்த்து எண்ணும் தற்காலிக வாக்குச்சீட்டில் வாக்களிக்கலாம் என்றார். "நான் இந்தியாவில் இருக்கிறேன்" என்றேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சே இல்லை. மனைவி போய்த் திருத்தலாமா என்றேன். முடியாது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான விண்ணப்பத்தை இப்போது அனுப்பலாமா என்றேன். அதற்கான நாளும் முடிந்துவிட்டது. டிக்கெட்டை மாற்றினால் கட்டணமும் வித்தியாசமுமாக 92 ஆயிரம் ரூபாய் கேட்டார்கள். அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டும். கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி வந்தேன்.

முகத்தைப் பார்த்தே அப்பா கேட்டுவிட்டார், சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அவர் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் போனவர். தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியர்களின் ஓட்டும் தபால் ஓட்டுதான். "எங்களுக்கும் இரண்டு உறை உண்டு. உள் உறையில் சீட்டு, வெளி உறையில் உறுதிமொழிப் படிவம். படிவம் 13-ஏ. அதில் கையெழுத்து விட்டுப்போனால் சீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஊருக்கெல்லாம் தேர்தல் நடத்தும் வாத்தியார்களின் ஓட்டே செல்லாமல் போகும். ஓட்டுப் போடுவதைவிட உறையை ஒட்டுவதில்தான் கவனம் வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்வேன்" என்றார். பிறகு, "உனக்கு மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன்" என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே வலித்தது.

அந்த உறையைப் பற்றி எனக்கு இப்போது தெரிந்ததைச் சொல்கிறேன். பென்சில்வேனியாவில் சீட்டு முதலில் ரகசிய உறைக்குள் போக வேண்டும். அந்த உறை இல்லாமல் வந்தால் 2020இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னபடி செல்லாது, இங்கே அதை நிர்வாணச் சீட்டு என்கிறார்கள். ரகசிய உறையின் மேல் பெயரோ கிறுக்கலோ எதுவும் இருக்கக் கூடாது. வெளி உறையில் கையெழுத்தும் அன்றைய தேதியும் வேண்டும். மாதத்தை முதலில் எழுதுங்கள். நம் வழக்கப்படி நாளை முன்னால் போட்டு ஏப்ரல் 7ஐ எழுதினால், இங்கே படிப்பவருக்கு அது ஜூலை 4 ஆகிவிடும். இந்தத் தேதியால் என்ன பயன், சீட்டு எப்போது வந்தது என்பதைத்தான் அலுவலகமே முத்திரையிட்டுப் பதிகிறதே என்று நீங்கள் கேட்கலாம். நீதிமன்றங்களும் ஆண்டுக்கணக்கில் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கின்றன. நான் சீட்டை அனுப்புவதற்குச் சில நாள் முன்பு, 2024 மார்ச் 27 அன்று, கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தேதி விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றத்தின் வேறு அமர்வு, வேறொரு வழக்கில், தேதிக்காக வாக்கை ஒதுக்குவது அரசமைப்புக்கு முரண் என்றது. சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நீங்கள் தேதியை எழுதிவிடுங்கள். வழக்கில் உங்கள் உறை ஒரு சான்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை வேண்டாம்.

உண்மையில் அன்று நான் செய்திருக்க வேண்டியது வேறு. விமானம் இரவில்தான். மதியமே கவுண்டித் தேர்தல் அலுவலகத்துக்கு நேரில் போய் உறையைக் கொடுத்திருந்தால், வாங்கும் ஊழியரிடமே ஒரு முறை பார்க்கச் சொல்லியிருக்கலாம். அங்கேயே விண்ணப்பித்து, அங்கேயே நிரப்பி, அங்கேயே கொடுத்துவிட்டு வரும் வழியும் உண்டு. மனைவியிடம் கொடுத்துப் போடச் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள், உடல் இயலாதவர்களைத் தவிர மற்றவர்கள் தங்கள் சீட்டைத் தாங்களேதான் சேர்க்க வேண்டும். சீட்டு தேர்தல் நாள் இரவு எட்டு மணிக்குள் அலுவலகத்தில் இருக்க வேண்டும். அன்றைய தபால் முத்திரை இருந்தால் போதும் என்பது வேறு சில மாநிலங்களின் விதி. ஊரில் நீண்ட நாள் தங்க நேர்ந்தால், வெளிநாட்டில் இருக்கும் குடிமக்களுக்கென்று தனி விண்ணப்பம் இருக்கிறது. தேர்தலுக்கு 45 நாள் முன்பே சீட்டை அனுப்ப வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது, மின்னஞ்சலிலேயே வாங்கிக்கொள்ளலாம், அச்செடுத்துத் தபாலில் அனுப்ப வேண்டும். முந்தைய நாளுக்குள் அனுப்பியிருந்தால் ஒரு வாரம் கழித்து வந்தாலும் எடுத்துக்கொள்வார்கள். எல்லாவற்றுக்கும் மேல், விண்ணப்பத்தில் மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள். கொடுத்திருந்ததால்தான் என் சீட்டு செல்லாமல் போனது எனக்காவது தெரிந்தது. திருத்த வாய்ப்புக் கொடுப்பதும் கவுண்டிக்குக் கவுண்டி மாறும். 2024இல் சில இடங்களில் தகவலே வரவில்லை.

24ஆம் தேதி அதிகாலை ஐந்தரை மணிக்கு, திருச்சியில் பால்காரர் வரும் நேரத்தில், முடிவுகளைப் பார்க்க உட்கார்ந்தேன். அந்த ஐந்து பேரில் வென்றவர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வாங்கி வேட்பாளர் ஆனார். இரண்டாம் சுற்று கிடையாது. எதிர்க் கட்சியில், அதிபர் வேட்பாளர் போட்டியிலிருந்து விலகி ஏழு வாரம் ஆகிவிட்ட நிக்கி ஹேலிக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வாக்குகள் விழுந்திருந்தன. விலகியவருக்கே அத்தனை பேர் ஒழுங்காகத் தேதி எழுதி வாக்களித்திருக்கிறார்கள்!

இந்த இடத்தில் பச்சை அட்டையிலும் எச்-1பியிலும் இருப்பவர்களுக்கு ஒன்று. ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் வாக்காளராகப் பதிய விருப்பமா என்று திரை கேட்கும். குடிமகன் ஆகும்வரை தொடாதீர்கள். தெரியாமல் குடிமகன் என்று குறியிட்டாலும் குடியுரிமை விண்ணப்பம் மறுக்கப்படலாம், நாடுகடத்தல் வரை போகலாம். என் வாக்கு போனதோடு போயிற்று, அந்தத் தவறு வாழ்க்கையையே புரட்டிவிடும்.

இனி பணம் போன கதை. 2024 அக்டோபர் தொடக்கத்தில் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றால் அமெரிக்காவில் தேர்தல் முடிவின் மேல் சட்டப்படி பணம் கட்டும் சந்தை திறந்தது. ஒரு பங்கு ஐம்பது சென்ட் போல, வேட்பாளர் வென்றால் ஒரு டாலர், தோற்றால் பூஜ்யம். அதிபர் தேர்தலில் நின்ற கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் அவருக்காகக் கட்டியிருந்த பதாகையின் படத்தை அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மன்னார்குடிப் பக்கத்துப் பெண், நிச்சயம் ஜெயிப்பாள்" என்றார். அம்மாவின் பாசம் ஒரு புறம், நான் படித்த கணிப்புகள் மறுபுறம். ஹாரிஸ் வெல்வார் என்று 600 டாலர் போட்டேன். தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு, பல ஆண்டுகள் துல்லியத்துக்குப் பெயர்பெற்ற அயோவா கருத்துக்கணிப்பு ஒன்று ஹாரிஸ் 3 புள்ளி முன்னிலை என்றது. தூக்கம் வரவில்லை. இன்னும் 550 டாலர் போட்டேன். அயோவாவில் டிரம்ப் 13 புள்ளியில் வென்றார். மொத்தம் 1,150 டாலர், அதாவது கிட்டத்தட்ட 97 ஆயிரம் ரூபாய். திருச்சியிலிருந்து திரும்பி வந்து வாக்களிக்க நான் செலவிடாமல் விட்ட டிக்கெட் தொகையைவிடக் கொஞ்சம் அதிகம்.

கணிப்பாளர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 2024இல் பெரிய கணிப்பு மாதிரிகள் கிட்டத்தட்ட சரிபாதி என்றே சொல்லிக்கொண்டிருந்தன. நான்தான் அதில் எனக்குப் பிடித்த பாதியை மட்டும் படித்தேன். 2016இல் டிரம்ப்புக்கு 29 சதவீத வாய்ப்பு என்று ஒரு மாதிரி சொன்னபோதும் பலர் அதைத் தோல்வி என்றே படித்தார்கள். பத்தில் மூன்று முறை மழை பெய்யும் என்றால் குடையை எடுத்துக்கொண்டு போக மாட்டோமா? பிரைமரி என்றால் கணிப்பு இன்னும் வழுக்கும். எல்லோரும் ஒரே கட்சி, மக்கள் கடைசி நாளில்கூட மனம் மாறுவார்கள், யார் வருவார்கள் என்பதே தெரியாது. 2016 மிச்சிகன் பிரைமரியில் ஹிலாரி கிளின்டன் 20 புள்ளி அளவுக்கு முன்னிலை என்றன கணிப்புகள். வென்றவர் பெர்னி சாண்டர்ஸ். எண்ணிக்கை இரவும் அப்படித்தான். பென்சில்வேனியாவில் தபால் உறைகளைத் தேர்தல் நாள் காலை ஏழு மணிக்கு முன் பிரிக்கவே கூடாது. 2020இல் மறுநாள் காலை டிரம்ப் ஆறு லட்சத்துக்கும் மேல் முன்னிலையில் இருந்தார். தபால் வாக்குகளை எண்ணி முடித்தபோது பைடன் 80,555 வாக்குகளில் வென்றிருந்தார். முதல் இரவில் திரையைப் பார்த்துச் சந்தையில் வாங்குவதும் விற்பதும், பாதிப் படம் பார்த்துவிட்டு விமர்சனம் எழுதுவதற்குச் சமம்.

என்னை உறுத்துவது பணம்கூட இல்லை. அந்த ஆண்டு மற்றவர்கள் எப்படி வாக்களிப்பார்கள் என்பதைப் படிக்க நான் செலவிட்ட இரவுகளைக் கூட்டினால் இருநூறு மணி நேரத்துக்குக் குறையாது. என் சொந்த உறையின் மேல் என்ன எழுத வேண்டும் என்ற அறிவிப்பைப் படிக்க இரண்டு நிமிடம் கொடுக்கவில்லை. நவம்பரிலும் புத்தி வந்துவிடவில்லை. ஏப்ரல் பிரைமரிக்காகக் கொடுத்த விண்ணப்பத்தில் ஆண்டு முழுவதற்கும் சீட்டு அனுப்பும்படி குறியிட்டிருந்தேன் போலும், அக்டோபரில் அது வீட்டுக்கு வந்தது. இந்த முறை நேரிலேயே போவேன் என்று வீராப்பாகக் குப்பையில் போட்டேன். வாக்குச்சாவடியில் சீட்டையும் வெளி உறையையும் திருப்பிக் கொடுத்தால்தான் வழக்கம்போல வாக்களிக்க முடியும் என்றார்கள். இல்லையென்றால் தற்காலிக வாக்குச்சீட்டு, அதன் உறையில் வாக்களிக்கும் முன் ஒரு கையெழுத்து, பின் ஒரு கையெழுத்து. இரண்டு மணி நேரம் போயிற்று. இரண்டு கையெழுத்துக்கும் நடுவில் தேதியை மூன்று முறை பார்த்தேன். இரண்டு வாரம் கழித்து மாநில இணையதளத்தில் எண்ணப்பட்டது என்று வந்தது. 2022இல் 951 வாக்கில் தோற்ற அதே மெக்கார்மிக், அந்த நவம்பரில் சுமார் 15 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் செனட்டர் ஆனார். தேதியில்லாத உறைகளை எண்ணலாமா என்று அப்போதும் சண்டைதான்.

2025 மே 20 பிரைமரிக்கு மறுபடியும் தபாலில் வாக்களித்தேன். பள்ளிக் குழு, நகராட்சி போன்ற சின்னச் சின்னப் பதவிகள். உறையை ஒட்டும் முன் அப்பாவைக் காணொளியில் அழைத்தேன். இப்போது கைத்தடியோடு நடக்கிறார். மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, உறையைக் கேமராவுக்கு அருகில் காட்டச் சொன்னார். கையெழுத்தைப் பார்த்தார், தேதியை வாய்விட்டுப் படித்தார், மாதத்தை முதலில் எழுதியது ஏன் என்று கேட்டு, பதிலைக் கேட்டுத் தலையாட்டினார். பிறகு, "உள் உறையை ஒட்டினாயா?" என்றார்.

ஒட்டியிருக்கவில்லை.